அக்கா வரைந்த ‘ஹ’

அக்கா இல்லாத ஓர் ஆண்டை ஒருவழியாகக் கடந்துவிட்டோம். இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய தம்பி என்ற முறையில் சில சொற்கள்.

அக்கா பூதலூரில் பிறந்தார். நடவுக்கும் அறுப்புக்கும் போய்த்தான் பெற்றோர் எங்களைப் படிக்க வைத்தார்கள். அப்பா காலமானதும் அக்கா கல்லூரியை விட்டுவிட்டுக் கணினி கற்று, பாபநாசத்தில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தார். நான் பொறியியல் படித்தது அவருடைய உழைப்பில்தான்.

அச்சகத்தில் பெரும்பாலும் திருமணப் பத்திரிகைகள். ஆங்கிலப் பெயர்கள் பேனாவால் எழுதியதுபோல் அழகாகச் சாய்ந்து வரும். தமிழில் அப்படி இருந்தவை எதுவும் அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

“எல்லாம் இங்கிலீஷைப் பாத்து வளைச்ச மாதிரி இருக்குடா. தமிழ் எழுதுறப்ப நம்ம கை இப்படியா வளையுது?” என்பார்.

கையெழுத்துபோல் சாய்ந்த ஓர் எழுத்துருவைத் தானே வரையத் தொடங்கினார். கொம்பு பக்கத்து எழுத்தை இடிக்கும். ‘ழ’வின் வால் கீழ்வரியில் போய் விழும். அழித்துவிட்டு மறுபடி வரைவார்.

பாதியில் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் வலக்கை வீங்கிக்கொண்டது.

“கொஞ்ச நாள் விடுக்கா” என்றேன்.

“விட்டா கை மறந்துடும். அந்தத் தலகாணிய இப்படி வை.”

தலையணைமேல் கையை ஊன்றியபடியே வரைந்து முடித்தார்.

அந்த எழுத்தில் பத்திரிகை வேண்டும் என்று முதலில் கேட்டவர் அதிராம்பட்டினத்துத் துணிக்கடைக்காரர் ஒருவர். மணமகளான அவர் மகளின் பெயர் ஹாஜிரா. அரிதாக வருவதுதானே என்று அக்கா ‘ஹ’வை வரையாமல் தள்ளிப்போட்டிருந்தார்.

“இந்தப் பேரை மட்டும் வேற ஃபான்ட்ல போட்டுடலாம்மா. யாரு பாக்கப் போறா?” என்றார் அச்சக உரிமையாளர்.

“அந்தப் பொண்ணு பாக்கும் சார். கல்யாணமே அதுக்குத்தானே.”

எப்படி வரைந்தாலும் ‘ஹ’ மற்ற எழுத்துகளோடு ஒட்டாமல் பருத்துத் தெரிந்தது. கடைசியில் பெண்ணின் தந்தையையே வரச்சொன்னார்.

“உங்க பொண்ணு பேரை வீட்ல எழுதுற மாதிரியே எழுதுங்கண்ணே.”

அவர் தாளிலிருந்து பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதினார். அவர் விரல் போகிற போக்கைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, “இன்னொரு தடவை” என்றார். பிறகு வரைந்த ‘ஹ’ சரியாக உட்கார்ந்தது. அந்தத் திருமணத்துக்கு அக்கா போனார்; பத்தியத்தை மறந்து பிரியாணியும் சாப்பிட்டார்.

நோய் திரும்பியபோதும் எழுத்துருவில் விடுபட்டவற்றைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். இந்த மலரைப் பற்றியும் படுக்கையிலிருந்தே சொன்னார்: “கட்டுரைய நேர் எழுத்துல போடு. பெரியவங்க கண்ணு நோகாம படிக்கணும். என் எழுத்துல பேருங்களை மட்டும் போட்டா போதும்.”

கடைசி மாதங்களில் அக்காவைக் குளிப்பாட்டி, தலைவாரிவிட்ட செவிலியருக்கும், வரமுடியாத நாளிலும் சம்பளத்தை நிறுத்தாத அச்சக உரிமையாளருக்கும், மருத்துவமனைக்குப் போகத் தம் காரை அனுப்பிய அதிராம்பட்டினத்துத் துணிக்கடை அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அவர்கள் பெயர்களை அக்காவின் எழுத்தில் அடுத்த பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம்.

அந்த எழுத்துருவை யார் கேட்டாலும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வேண்டுமானால் கூச்சப்படாமல் கேளுங்கள். எந்தப் பெயராவது அதில் சரியாக வரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். வரைந்து தருகிறோம்.