குண்டு மெஷினின் கருகிய பிளக்

இன்று காலை தேங்காய் அரைத்துக்கொண்டிருக்கும்போதே மிக்சி நின்றுவிட்டது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், "மோட்டார் போயிருச்சுங்கம்மா" என்றார். எனக்கு அது நின்றபோதே தெரிந்துவிட்டது. கருவாட்டையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துச் சுட்டது போல ஒரு வாசம். "பிளக்கைக் கழட்டிப் பாரு கண்ணு" என்றேன். சிரித்துக்கொண்டே கழற்றினார். உள்ளே பித்தளைக் கால் ஒன்று கரியாகியிருந்தது. சிரிப்பு நின்றது.

எழுத்தை நான் கூட்டித்தான் படிப்பேன். மூக்கு அப்படியில்லை.

பல வருஷத்துக்கு முன்னால் பீளமேட்டில் ஒரு கல்லூரிக்கு எதிரே சோடா, கலர் கடை வைத்திருந்தேன். மலைமேல் ஏதோ கிளப்பில் கழித்துப் போட்ட பின்பால் மெஷினை என் வீட்டுக்காரர் லாரியில் ஏற்றி வந்தார். சாய்வான கண்ணாடிப் பெட்டி, உள்ளே இரும்புக் குண்டு. பக்கத்துப் பொத்தான்களை அமுக்கினால் இரண்டு துடுப்புகள் குண்டைத் தட்டும். தெருவே அதைக் குண்டு மெஷின் என்றது. மேலே விளக்கெரியும் பலகையில் ஒரு வெள்ளைக்காரி படம். தினமும் அவள் மூக்கைத் துடைத்துவிடுவேன். என் பிள்ளைகளுக்குக்கூட அப்படித் துடைத்ததில்லை.

ஒரு ஆடி மாதம் வம்பு தொடங்கியது. இரண்டு துடுப்பையும் சேர்த்துத் தட்டினால் விளக்கு மங்கும். எடுத்த புள்ளியெல்லாம் பூஜ்யமாகும். "அக்கா, உங்க மெஷினு ஏமாத்துதுங்க!" என்று மாணவர்கள் கத்துவார்கள். மெஷினைச் சொன்னால் என்ன, என்னைச் சொன்னால் என்ன? உடம்பெல்லாம் எரியும்.

கரண்டு கம்மி என்று வீட்டுக்காரர் ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தார். அது டொக் டொக்கென்று பேசியதுதான் மிச்சம். எங்கள் ஊரில் எது நின்றாலும் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவரிடம்தான் ஓடுவோம். பக்கத்துக் கடை ரங்கசாமி அண்ணன் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். மெஷினைத் திறந்ததும் காயில் சுற்றிய டிரான்ஸ்பார்மரைக் கண்டு அவர் முகம் மலர்ந்தது. நான் கண்டது வேறு. அதிலிருந்து ஒயர்கள் போய்ச் சேரும் வெள்ளைப் பிளக், ஒரு மூலையில் வடை தீய்ந்தாற்போல் இருந்தது.

"ஏனுங்ணா, இந்தப் பிளக்குல தீஞ்ச வாசம் வருதுங்க."

"அம்மணி, நீங்க கலர் ஊத்துங்க. காயிலை நான் பாத்துக்கறேன்."

கட்டினார். அதே கோளாறு. மறுபடியும் சொன்னேன். மறுபடியும் காயிலைத்தான் கட்டினார். மூன்றாம் முறை சொன்னதற்கு, "அம்மணிக்கு மூக்கு நீளமுங்கோ" என்று வீட்டுக்காரரிடம் சிரித்தார். இவரும் சிரித்துவிட்டு, "ஆயுத பூசைக்குள்ள ஓடலீனா பழைய இரும்புக்குப் போட்டுருவேன், பாத்துக்கோ" என்றார்.

ஆயுத பூசையும் வந்தது. ரங்கசாமி அண்ணன் கடையில் சுத்தியல் முதல் ஸ்பேனர் வரை சந்தனம் பூசிப் படுத்திருந்தன. அன்று யாரும் கருவியைத் தொடமாட்டார்கள். நான் தொட்டேன். கரண்டைப் பிடுங்கிவிட்டு, அந்த வெள்ளைப் பிளக்கைக் கத்தரியால் வெட்டி எறிந்து, ஒயருக்கு ஒயர் நிறம் பார்த்து முறுக்கி டேப் சுற்றினேன். அண்ணனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க மனசு வரவில்லை.

ஸ்விட்சைப் போட்டதும் வெள்ளைக்காரி பளீரென்று சிரித்தாள். இரண்டு துடுப்பையும் சேர்த்துத் தட்டினேன். புள்ளி அசையவில்லை! இன்னொரு தட்டு. இன்னொன்று. பிறகு எல்லா எண்களும் எட்டாக மாறின, உள்ளே பட்டென்று ஒரு சத்தம், புகை, இருட்டு.

மறுநாள் ரங்கசாமி அண்ணன் தலையில் கை வைத்தார். "வெளக்கு மங்குதேன்னு ரெண்டாந்தடவை காயில்ல பத்துச் சுத்துக் கூடப் போட்டேனுங்களே!" கருகிய பிளக் அதுவரை அந்தக் கூடுதல் கரண்டை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அது போனதும் மொத்தமும் புள்ளி எண்ணும் போர்டில் இறங்கிவிட்டது. அதோடு விட்டாரா?

"பிளக்கு கருகியிருந்தா முன்னாடியே சொல்லியிருக்கோணும் அம்மணி."

பூசையன்று கத்தரியைத் தொட்ட குற்றம் என்று வீட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னார். வெள்ளைக்காரி பழைய இரும்பு வண்டியில் மல்லாந்து போனாள்.

என் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. காயில் கடையை இடித்து ஏதோ பேக்கரி. ரங்கசாமி அண்ணனும் போய்ச் சேர்ந்தார்.

இன்று புதுப் பிளக் மாட்டியதும் மிக்சி ஓடியது. "நீங்க சொன்னதுதானுங்கம்மா சரி" என்றார் எலக்ட்ரீஷியன். இவர் சொல்லி என்ன செய்ய?