அறுபதாம் கல்யாணத்துக்கு ஓர் இளமை ஊசி

காலையில் விழுப்புரத்தில் எங்கள் மெடிக்கலுக்கு வளவனூர்க்காரர் ஒருவர் வந்தார். மனைவி வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றார்.

செல்போனில் ஓர் ஊசியின் படத்தைக் காட்டி, "இது கெடைக்குமாம்மா?" என்றார்.

வளர்ச்சி ஹார்மோன். உயரம் கூடாத பிள்ளைகளுக்கு டாக்டர்கள் எழுதுவது.

"பேரனுக்குங்களா சார்?"

"எனக்குத்தாம்மா. வர்ற மாசம் அறுபதாம் கல்யாணம். இதப் போட்டா வயசு கொறையும்னு திண்டிவனத்துல ஜிம் மாஸ்டர் குடுத்தாரு. ரெண்டு மாசமா போட்டுக்கினு இருக்கேன். தீந்துபோச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுபது ஆனதைக் கொண்டாடும் நாளில் அறுபது தெரியக்கூடாதாம்!

அவர் விரல்கள் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. "டாக்டர் சீட்டு இல்லாம தர மாட்டேன் சார். மொதல்ல சுகர் பாத்துடலாம்" என்று விரலில் குத்தினேன். மெஷின் காட்டியதை நம்பாமல் இன்னொரு விரலிலும் குத்தினேன். அதேதான்.

"சார், சுகர் எகிறிக் கெடக்குது. இந்த ஊசியாலயும் ஏறும். இன்னிக்கே டாக்டரப் பாருங்க."

சுகர் என்றது மட்டும் காதில் விழ, உள்ளே வந்த மனைவி, "சுகர் இருக்கறது தெரியும்மா. அதுக்குன்னுதானே ஃப்ரிட்ஜ்ல ஊசி வச்சி போட்டுக்கினு இருக்காரு. நானும் தெனம் கேப்பைக் களிதான் போடறேன். இன்னுமா கொறையல?" என்றார்.

இளமை ஊசியை மறைக்க மனைவியிடம் பொய்யாகச் சொன்ன நோய், நிஜமாகவே வந்து உட்கார்ந்துவிட்டது.

தோழிகளே, உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் என்ன ஊசி இருக்கிறது? பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.