கண்ட்ரோல் எஸ்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர், தேனியில் மாமாவின் அலுவலகத்தில் கழித்துப் போட்டது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும்தான் வரும், மௌஸ் கிடையாது. அக்கா அதைக் கட்டி மேய்த்தாள். கண்ட்ரோலோடு ஏ தட்டினால் வரியின் தொடக்கம், ஈ தட்டினால் கடைசி, கே தட்டினால் மிச்ச வரி காலி. கறுப்புத் திரையில் எதைத் திறந்தாலும் இதே தட்டுத்தான் என்று பெருமையடிப்பாள். யாரும் சொல்லித்தரவில்லை, எல்லாம் அவளாகத் தட்டித் தட்டிக் கற்றது.

அவள் கல்லூரி முடித்த வருடம், பெங்களூர்க் கம்பெனி ஒன்று புரோகிராம் எழுதி நான்கு மணிக்குள் அனுப்பச் சொன்னது. அன்றைக்குத்தான் போடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ஏலக்காய் வியாபாரக் குடும்பம். வேலை கிடைத்தால் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். கிடைக்காது என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு.

மூன்றரைக்கு அம்மா உள்ளே வந்தாள். “வந்துட்டாக. எந்திரிச்சு சேலையக் கட்டு ஆத்தா.”

எதையும் தொடாதே என்று என்னைக் காவலுக்கு வைத்துவிட்டு, பாதி வரியில் அக்கா எழுந்து போனாள்.

எனக்குப் பத்து வயது. அடிக்கடி கண்ட்ரோல் எஸ் தட்டாவிட்டால் எழுதியதெல்லாம் போய்விடும் என்று பள்ளிக்கூட மிஸ் சொல்லியிருந்தார். கரண்ட் போனால் அக்கா கதி என்னாவது? நல்ல பிள்ளையாகத் தட்டினேன்.

அக்கா பட்டுச் சேலையோடு ஓடி வந்தபோது பத்து நிமிடம் மிச்சமிருந்தது. தட்டினாள், ஓர் எழுத்தும் நகரவில்லை. தெரிந்த தட்டெல்லாம் தட்டினாள். என்ன செய்தாய் என்று கேட்டாள், சொன்னேன். கடைசியில் சுவிட்சை அணைத்து மறுபடி போட்டாள். திரை வந்தது, எழுதியது வரவில்லை.

இன்று அந்தக் கறுப்புத் திரைதான் எனக்குச் சோறு போடுகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பக்கத்து இருக்கைக்காரர் போகிறபோக்கில் சொன்னார்: இங்கே கண்ட்ரோல் எஸ் சேமிக்காது, திரையை நிறுத்திவைக்கும்; கண்ட்ரோல் க்யூ தட்டினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். அப்படியென்றால் அன்று சுவிட்சை அணைக்கும்வரை ஒன்றுமே அழிந்திருக்கவில்லை. கழிவறைக்குப் போய் அழுதேன். போடியில் இருக்கும் அக்காவிடம் இதை இதுவரை சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

அன்று அவள் என்னைத் திட்டவே இல்லை. “விடுடி, நீ என்ன செய்வ” என்று தலையைத் தடவிவிட்டு, அம்மா நீட்டிய காப்பித் தட்டை வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அக்காவுக்கு என்மேல் கோபமே இல்லை என்று நினைத்து, நிம்மதியாக உட்கார்ந்து இரண்டு பஜ்ஜி தின்றேன்.