கணக்கில் வராத பதினொரு விநாடி

பணிமனையில் அவருக்குச் சேவல் என்று பெயர். இருபது வருஷமாக முதல் பேருந்தை எடுப்பவர். அலாரம் அடிக்கும் முன்பே எழுந்து அதை அணைத்துவிடுவார். அப்படிப்பட்டவர் போன மாதம் ஒரு நிறுத்தத்தில் நாலு பேர் கைகாட்டியும் நிற்காமல் போனார். "ஏதோ யோசனையில இருந்துட்டேன்" என்றார். இரண்டாம் முறையும் அதையே சொன்னபோது, விழித்திருக்க முடிகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். தேறினால்தான் ஸ்டியரிங்.

மங்கலான அறை, சாய்வு நாற்காலி, தலையெல்லாம் ஒயர். நாற்பது நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். தூங்கக் கூடாது, தூக்கத்தை விரட்ட எதுவும் செய்யவும் கூடாது. பகலில் நாலு தடவை. சும்மா இருப்பது சுகம் என்கிறவர்கள் இந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

அடுத்த அறையிலிருந்து சோதனை எடுக்கும் பெண்ணின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "அண்ணே, காலை ஆட்டாதீங்க."

"ஆட்டலம்மா, அதுவா ஆடுது."

"தொடையைக் கிள்றதும் அதுவாத்தான் கிள்ளுதா?"

நாலாவது முடிந்து ஒயரைக் கழற்றும்போது, "நாலுலயும் தேறிட்டீங்க" என்றாள்.

"அதான் சொன்னேனே. பொட்டுத் தூக்கம் கிடையாது."

பசையைத் துடைத்துக்கொண்டிருந்த பஞ்சு நின்றது.

"என்னம்மா?"

"மூணாவது தடவை பதினொரு விநாடி தூங்கினீங்க. முப்பது முப்பது விநாடியாப் பிரிச்சுப் பார்ப்போம். அதுல பாதிக்கு மேல தூங்கினாத்தான் தூக்கம்னு எழுதுவோம். இது கணக்குல வராது."

காட்டச் சொன்னார். திரையில் நெருக்கமாக ஓடிய கோடு ஓரிடத்தில் தளர்ந்து, சட்டென்று மறுபடி இறுகியது. அந்த நேரத்தில் வீட்டில் ஒழுகும் குழாயைப் பற்றி யோசித்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. யோசனை எங்கும் அறுபடவில்லை. இந்தப் பக்கத்து விழிப்பும் அந்தப் பக்கத்து விழிப்பும் தையல் தெரியாமல் ஒட்டியிருந்தன.

"மூளையில தூங்கவைக்கிற செல் கூட்டம் ஒண்ணு, முழிக்கவைக்கிற செல் கூட்டம் ஒண்ணு. ஒண்ணு ஏறினா மத்ததை அமுக்கிடும். நடுவுல நிக்காது" என்றாள்.

"நியூட்ரல் இல்லாத கியர் பெட்டியா?"

"அப்படித்தான். கியர் நழுவாம பிடிச்சுக்கிற செல்லுங்க கொஞ்சம் உண்டு. அது குறைஞ்சா, நம்மளைக் கேட்காமலே விழும், கேட்காமலே ஏறும். உங்களுக்கு அதுதானான்னு டாக்டர்தான் பார்க்கணும்."

அலாரத்தை முந்தி எழுவதைத் தன் சாமர்த்தியம் என்றே அவர் நம்பியிருந்தார். விழிப்பு எல்லாவற்றையும் பார்க்கும். தான் தொடங்கிய இடத்தை மட்டும் அது பார்ப்பதில்லை.

பதினொரு விநாடியைச் சாலையில் போட்டுப் பார்த்தார். அறுபதில் போனால் நூற்றெண்பது மீட்டர். பள்ளிக்கூட வாசலிலிருந்து பாலம் வரை.

படிவத்தின் கடைசிக் கேள்வி: சோதனையின்போது தூங்கியதாக உணர்ந்தீர்களா?

"இல்லைன்னு போட்டா?"

"டாக்டர் கையெழுத்துப் போட்டுடுவார்."

இல்லை என்பதுதான் சத்தியமான பதில். அதுதான் அவரை உட்காரவிடவில்லை. ஜன்னல் வரை போனார், வந்தார், மறுபடி போனார். கடைசியில் நின்றபடியே 'இல்லை' என்று எழுதி, அதன் கீழே 'ஆனால் தூங்கினேன், பதினொரு விநாடி' என்று சேர்த்தார்.

வாசலுக்கு வந்ததும் மனைவி போனில் கேட்டாள்: "பாஸா?"

"பாஸ்தான். ஆனா இனிமே வண்டி எடுக்கிறதா இல்ல. விவரம் வந்து சொல்றேன்."

"சரி, பஸ்ஸுல வாங்க. இன்னைக்காவது சீட்டுல சாய்ஞ்சு தூங்கிட்டு வாங்க."

பேருந்தில் பாதி இருக்கைகள் காலி. அவர் உட்காரவில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்று, கண்ணாடியில் தெரிந்த அவன் கண்களையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு முறை இமை இறங்கும்போதும், அது மேலே வரும்வரை அவருக்கு மூச்சு வரவில்லை.

"என்ன சேவலண்ணே, உட்காருங்களேன்" என்றான் ஓட்டுநர்.

"நீ ரோட்டைப் பாரு."