உவகைக்கு அர்த்தம்

நாரணாபுரத்தில் நசிமா டீச்சரின் பள்ளிக்கூடம் என்றதும் காம்பவுண்டுச் சுவரும் மணியும் உள்ள கட்டடத்தை நினைத்துவிட வேண்டாம். அது வாடகைக்குப் பிடித்த பழைய தீப்பெட்டி குடோன். பட்டாசு வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்காக இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அரசாங்கம் நடத்திய சிறப்புப் பள்ளிகளில் ஒன்று. பிள்ளைகளை மீட்பது அரசாங்கத்துக்குக் கைவந்த கலை. மீட்ட பிள்ளைக்கு வாசிக்க ஒரு கதைப் புத்தகம் அனுப்பு என்றால் மட்டும் கை சுணங்கிவிடும்.

அதனால் நசிமா, அச்சகங்களில் கழித்துப் போடுகிற தாள்களைச் சிவகாசியிலிருந்து தூக்கிக்கொண்டு வருவாள். டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த அவளுடைய அத்தா, "பொட்டப்புள்ள குப்பை சுமந்துக்கிட்டு பஸ் ஏறுதே" என்று முனகிக்கொண்டே அதைச் சணலால் கட்டிக் கொடுப்பார். கதையின் பாதிப் பக்கம், ஓரம் வெட்டுப்பட்ட காலண்டர் தாள், மை இழுகிய டைரித் தாள். இவைதான் பாடப் புத்தகம். பாதி வரி இருக்காது. இருக்கிற வரியிலும் தெரியாத வார்த்தைகள் முள்ளாக நிற்கும்.

"தெரியாத வார்த்தை வந்தா நின்னுறக் கூடாது" என்பாள் நசிமா. "தெருவுல புதுசா ஒரு ஆள் வந்து நின்னா என்ன செய்வீங்க? யார் வீட்டு வாசல்ல நிக்காரு, கையில என்ன வச்சிருக்காருன்னு பார்த்து இன்னாருன்னு சொல்லிர மாட்டீங்களா? வார்த்தையும் அப்படித்தான். அக்கம்பக்கத்தைப் பாருங்க."

அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டவள் சொர்ணலட்சுமி. பதின்மூன்று வயது. வீட்டில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டி உருட்டி விரல் நுனியெல்லாம் பசையேறிக் காய்த்துப்போன பிள்ளை. ஒருநாள் ஒரு தாளில், "மூன்று நாளாகச் சாப்பிடாதவன் ஈனஸ்வரத்தில் தண்ணீர் கேட்டான்" என்று இருந்தது. மற்ற பிள்ளைகள் விழித்தார்கள். சொர்ணம் மட்டும், "சாப்பிடாதவன் கத்தவா முடியும் டீச்சர்? மெதுவா, செத்த குரல்ல கேட்டிருப்பான்" என்றாள். நசிமா அவள் தலையைப் பிடித்து ஆட்டினாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அம்புட்டுச் சந்தோஷம்.

சந்தோஷத்துக்கு ஆயுசு ஜூன் மாதம் வரைதான். சொர்ணத்தின் அம்மா முத்துப்பேச்சி முன்பே சொல்லிவிட்டாள். புருஷனைப் பட்டாசுக் கம்பெனியின் வெடிமருந்து ரூம் தீக்குக் கொடுத்துவிட்டு, மகளையும் அதே ரோட்டில் அனுப்ப நிற்கிறவள் அவள். கல்மனசுக்காரி என்று பேசுகிறவர்கள் அவள் வீட்டு அடுப்பை ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

"பெரிய பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்பு சேர்த்துட்டீகன்னா படிக்கட்டும் டீச்சரம்மா. அங்கன விடுதி இருக்கு, சோறு போடுறாக. எடுக்கலைன்னா கம்பெனி வேன்ல ஏத்திவிட்டுருவேன். வெடிச்சரம் பின்னுற வேலைதான், மருந்து ரூம் இல்ல. வயசைக் கேட்டா கூட்டிச் சொல்லிக்கிடலாம். இதுக்கு மேல என்னால இழுக்க முடியாது."

ஆக, ஒரு பக்கம் விடுதி, மறுபக்கம் வேன். நடுவில் ஒரு வாசிப்புத் தேர்வு. அந்த ஒரு மாதம் நசிமா தொழுகையில் கேட்டதெல்லாம் இந்தப் பிள்ளைக்காகத்தான்.

பெரிய பள்ளியின் தலைமையாசிரியர் ரத்தினசாமி காரியாபட்டிப் பக்கம் மானாவாரி நிலம் உள்ள குடும்பம். கெட்ட மனிதர் இல்லை. சொர்ணத்தை உட்காரச் சொல்லி, அவள் பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்தார். அவள் தடங்கலில்லாமல் வாசித்தாள். "வானத்தில் கருமேகங்கள் திரண்டன. மக்கள் அண்ணாந்து பார்த்தனர். முதல் துளி விழுந்ததும் ஊரார் உவகை அடைந்தனர். பெண்கள் முற்றத்துக்கு ஓடினர்."

"நல்லா வாசிக்கியே. உவகைன்னா என்ன தாயி?"

சொர்ணம் மறுபடி தாளைப் பார்த்துக் குனிந்தாள். முன்வரியைப் பார்த்தாள், பின்வரியைப் பார்த்தாள், சொல்லிக்கொடுத்தது சொல்லிக்கொடுத்தபடி. பிள்ளை நிமிர்ந்து, தெளிவாகச் சொன்னாள்.

"வயித்தெரிச்சல், சார்."

"என்னது?"

"வயித்தெரிச்சல் சார். மழை வந்துருச்சு. முத்தத்துல காயப்போட்ட குழாயெல்லாம் நனைஞ்சு போகும். அதான் பொம்பளைக அள்ள ஓடுறாக."

ரத்தினசாமி சிரித்துவிட்டார். "மழையைப் பார்த்து யாராவது வயிறெரிவாகளா? உவகைன்னா மகிழ்ச்சி. மழைன்னாலே மகிழ்ச்சிதானே, இதுகூடவா தெரியாது?"

அவருக்கு மழை என்றால் விதைப்பு. இவளுக்கு மழை என்றால் அம்மா தலையில் கைவைத்து உட்காருவது; ஒரு வாரம் உருட்டிய குழாய் கூழாகித் தெருவில் கிடப்பது. பிள்ளை அக்கம்பக்கத்தைச் சரியாகத்தான் பார்த்திருந்தாள். அவளுடைய அக்கம்பக்கம் வேறு, அந்தக் கதையை எழுதியவனுடைய அக்கம்பக்கம் வேறு. நசிமா அதைத்தான் சொன்னாள். கெஞ்சினாள். இன்னொரு பக்கம் கொடுத்துப் பாருங்கள் சார் என்றாள். கடைசியில் கைகூப்பிக்கூட நின்றுவிட்டாள்.

"நீங்க சொல்றது புரியுதும்மா. இதுக்கு முந்தி உங்ககிட்ட இருந்து வந்த பிள்ளைக மூணும் பாடம் புரியாம பாதியில நின்னுபோச்சு. மேல இருந்து என்னையத்தான் கேக்காக. இன்னும் ஒரு வருசம் படிச்சுட்டு வரட்டும்."

இன்னும் ஒரு வருஷமாம். முத்துப்பேச்சி வீட்டில் இன்னும் ஒரு வாரத்துக்கே வழியில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் சொர்ணம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நான் தப்பாவா டீச்சர் பார்த்தேன்?" இல்லை என்று சொல்ல வாயெடுத்த நசிமாவுக்கு அழுகைதான் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை வேன் வந்தது. சொர்ணம் ஏறிக்கொண்டாள்.

அதன்பிறகு நசிமா தினமும் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அந்த வேன் எதிரே போகும். ஜன்னலில் ஒரு கை ஆடும். ரத்தினசாமியை மறுபடி போய்ப் பார்த்தாள். வேறு இரண்டு பள்ளிகளில் கேட்டாள். எல்லா வாசலிலும் அதே பதில். சீசன் சூடுபிடித்த ஒரு மத்தியானம் மேற்கே பெரிய சத்தம் கேட்டது. கரும்பலகை அதிர்ந்தது. ஊரே ரோட்டுக்கு ஓடியது. நசிமாவும் செருப்பில்லாமல் ஓடினாள். அது வேறு கம்பெனி என்று தெரிய வந்தபோது, "அல்லாஹ், நல்லவேளை" என்று அவள் வாய் முணுமுணுத்தது. யாரோ பெற்ற பிள்ளைகள் அங்கே எரிந்துகொண்டிருக்க நல்லவேளை என்று சொன்னோமே என்று அன்று முழுக்கத் தன்னையே வெறுத்தாள்.

புரட்டாசியில் ஒருநாள் விடியும்போதே இடி. வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. பிள்ளைகள் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் நசிமா முக்காடு நனைய வந்து குடோனைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு உருவம். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்டச் சொர்ணம். முகம் கருத்து இளைத்திருந்தது. கண் மட்டும் பழைய கண்.

"டீச்சர், எனக்கு அந்த வார்த்தை தெரிஞ்சுபோச்சு!"

"எந்த வார்த்தை?"

"உவகை டீச்சர். காலையில இடி இடிச்சுச்சா, இடின்னா கம்பெனியில மருந்தைத் தொடமாட்டாக, இன்னைக்கு வேன் வராதுன்னு சொல்லிட்டாக. எங்கம்மா அழுதா. எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள ஒண்ணு வந்துச்சே, குதிக்கணும்போல. அதான டீச்சர் உவகை?"

நசிமா அவளை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு முக்காட்டுத் துணியால் பிள்ளையின் தலையைத் துவட்டி, சணல் கட்டைப் பிரித்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். சொர்ணம் தன் பழைய மூலையில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்துக்கு மேலாகச் சத்தம்போட்டு வாசித்தாள். யா அல்லாஹ், இது நிற்க வேண்டாம் என்று நசிமா வேண்டிக்கொண்டாள். தெருத்தெருவாக நனைகிற குழாய்கள் அவளுக்கு நினைவில்லாமல் இல்லை. இருந்தும் வேண்டிக்கொண்டாள்.

தாளில் பாதி தாண்டியபோது கூரைச் சத்தம் குறைந்தது. அப்புறம் நின்றுவிட்டது. வாசலில் முத்துப்பேச்சி வந்து நின்றாள். உள்ளே வரவில்லை, டீச்சரின் முகத்தையும் பார்க்கவில்லை.

"சொர்ணம், வானம் வெளுத்துருச்சு. தீவாளி ஆர்டராம். அரைநாள் வேலைக்கு வேன் அனுப்பியிருக்காக. வா."

சொர்ணம் எழுந்தாள். தாளில் எதுவரை வாசித்தோம் என்று பார்த்து அந்த இடத்தில் லேசாக மடித்து, நசிமாவின் கையில் கொடுத்தாள்.

"பத்திரமா வச்சிருங்க டீச்சர். மிச்சத்தை அடுத்த மழைக்கு வந்து வாசிக்கேன்."

நசிமா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். ஒரு மேகம்கூட இல்லை.