முதலில் ஊசியைப் பாருங்கள்

தையல் மிஷின் ஓடவில்லை என்று யார் வந்து நின்றாலும் அந்த மெக்கானிக் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஊசியைப் பாத்தீங்களா?" வந்தவர் முகம் சுளிப்பார். அத்தனை கனத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்த மனிதரிடம் ஊசியைப் பற்றிக் கேட்டால் கோபம் வராதா? ஆனால் பத்து மிஷின் வந்தால் ஏழுக்கு நோய் ஊசியில்தான் இருக்கும். தட்டைப் பக்கம் தவறாகத் திரும்பியிருக்கும், இல்லை மேலே முட்டுகிற வரை ஏறியிருக்காது, இல்லை முனை மழுங்கியிருக்கும். மிஷினில் கை வைக்கும் முன் ஊசியைப் பார் என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் முந்நூறு மிஷின்களுக்கு வைத்தியம் பார்த்த மெக்கானிக் அவர். அப்பேர்ப்பட்டவர் தன் சொந்த விஷயத்தில் மூன்று வருடம் ஊசியைப் பார்க்காமலே மிஷினைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார். இதை இப்போது அவரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். அதனால் நாமும் சிரிக்கலாம், பாவமில்லை.

தொழிற்சாலைக்குப் புது மிஷின்கள் வந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள விற்ற கம்பெனியே ஆள் அனுப்பும் என்றார்கள். மெக்கானிக்குக்கு ஒரு பூங்கொத்தும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். வீட்டின் முன் அறையில் ஒரு மேஜை, பெல்ட்டுகள் தொங்க ஓர் ஆணி, அடி நூல் சுற்றும் பாபின்களைப் போட்டு வைக்கப் பழைய பிஸ்கட் டப்பாக்கள், எண்ணெய் டப்பா, அந்தக் கடிகாரம் எல்லாம் வைத்துக் கடை திறந்தார். வாரத்துக்கு இரண்டு மிஷின் வந்தது. மற்ற நேரமெல்லாம் ஈ ஓட்டினார். கூரியர் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்த்த மனைவியின் சம்பளத்தில் வீடு ஓடியது.

"இப்பல்லாம் எல்லாரும் போன்லதான் தேடுறாங்க. ஒரு வெப்சைட் போட்டா என்ன?" என்று ஒரு நாள் ஆரம்பித்தார்.

"அதை யாரு போடுவா?" என்றாள் மனைவி.

"நான்தான். பிரிச்சுப் பாத்தா புரியாததுன்னு உலகத்துல ஒண்ணு இருக்கா?"

இருந்தது. வீடியோ பார்த்துப் பார்த்து, பிரித்துப் பார்த்து, மறுபடி பூட்டத் தெரியாமல் முழித்து, நான்கு மாதத்தில் ஒரு வழியாகத் தளத்தை எழுப்பி நிற்க வைத்தார். போன் நம்பரை எழுத்தாகப் போட்டால் விளம்பரக்காரர்களின் ரோபோக்கள் திருடிவிடும் என்று எங்கோ படித்திருந்தார். அதனால் தளத்தின் நெற்றியில் ஒரு படம் வரைந்து, மிஷின், நூல்கண்டு, பக்கத்தில் கொட்டை எழுத்தில் நம்பர் என்று எல்லாவற்றையும் அதற்குள்ளேயே பூட்டிவிட்டார். தன் சாமர்த்தியத்தை நினைத்து அன்று இரண்டு தடவை காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

அப்புறம் எழுதினார். சும்மா சொல்லக்கூடாது, அதில் மனிதருக்குக் கை வந்தது. மேல் நூல் அறுகிறதா, அடியில் நூல் கொத்தாகச் சுருள்கிறதா, தையல் விட்டு விட்டு விழுகிறதா என்று ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு கட்டுரை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. எல்லாவற்றுக்கும் முதல் வரி ஒன்றே: முதலில் ஊசியைப் பாருங்கள். எழுதி முடித்துவிட்டு, போன் வருமென்று அதை மேஜையில் தன் முகம் பார்க்க வைத்தார்.

போன் வரவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம், ஒரு வருடம், கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடந்தது. அக்கம்பக்கத்து மிஷின்கள் வழக்கம்போல வாரத்துக்கு இரண்டு வந்தன. தளத்தைப் பார்த்து வந்ததாக ஒரு ஜீவன்கூடச் சொல்லவில்லை.

அப்போதுதான் அவருக்கு மேம்படுத்தும் பைத்தியம் பிடித்தது. நீலம் சரியில்லை என்று பச்சை ஆக்கினார், பச்சை அழுது வடிகிறது என்று மறுபடி நீலம் ஆக்கினார். திரையில் மவுஸ் அம்புக்குறியின் பின்னால் நூல் கோத்த ஒரு ஊசி துரத்திக்கொண்டு ஓடும்படி செய்தார். பக்கம் திறந்ததும் மிஷின் ஓடும் சத்தம் கேட்கும்படி செய்தார். கூரியர் ஆபீசில் மனைவி தெரியாத்தனமாகத் திறந்து, கவுண்டரில் நின்றவர்கள் திடுக்கிட்டபின் அதை மட்டும் எடுத்தார். இலவச இடத்தில் இருந்தால் மதிப்பில்லை என்று, வருடச் சந்தா கட்டுகிற இடத்துக்குத் தளத்தை மாற்றினார். படங்களின் கனத்தைக் குறைத்தார். வேகத்துக்கு மதிப்பெண் போடும் கருவி ஒன்று இருந்தது. அதில் முப்பத்தொன்றில் கிடந்த தளத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தொண்ணூற்று நான்குக்கு ஏற்றினார்.

"தொண்ணூத்தி நாலு!" என்று அடுக்களைக்கே ஓடிப் போய்ச் சொன்னார்.

"எதுல?"

"வேகத்துல."

"யாரு வர்றதுக்கு இவ்ளோ வேகம்?" என்று கேட்டுவிட்டு அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

யாருமே வரவில்லை என்று சொல்லவும் முடியாது. தினமும் காலை பதினோரு மணிக்கு ஒரே ஒரு ஆள் வந்ததாகக் கணக்குக் காட்டியது. ஞாயிறு மட்டும் லீவு. வந்து நாலைந்து பக்கம் புரட்டிவிட்டுப் போகும். இத்தனை ஒழுங்காக மனுஷன் எவனாவது வருவானா? இது ரோபோதான் என்று முடிவு கட்டி, ஒரு மழைக்காலத்தில் அதைத் தடுத்து வைத்தார். பார்வையாளர் எண்ணிக்கை பூஜ்யம் ஆனது. பூஜ்யத்துக்கு ரோபோ தேவலை என்று இரண்டு வாரத்தில் மறுபடி திறந்துவிட்டார்.

மூன்றாம் வருடம் மனைவியின் அண்ணன் வந்தார். அவருக்கு டி.வி., ஃபிரிட்ஜ் விற்கும் பெரிய ஷோரூம். வந்தவுடன், "என்ன வெப்சைட் மாப்ள, உலகம் பூரா தேடி வருதா?" என்றார். சிரித்து முடித்து, "டி.வி. பக்கம் நிக்க ஒரு ஆள் வேணும். நம்ம ஆளா இருந்தா நல்லது. ஃபேன் கீழ நிக்கலாம்" என்று சொல்லி, பையிலிருந்து ஷோரூம் பெயர் போட்ட சிவப்பு டை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மனைவி கேலி செய்யவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"தளத்துக்குச் சந்தா முப்பதாம் தேதியோட முடியுதுன்னு சொன்னீங்கல்ல?" என்றாள். "அதுக்குள்ள அதைப் பாத்துட்டு ஒரே ஒரு ஆள் போன் பண்ணட்டும், அண்ணன்கிட்ட முடியாதுன்னு நானே சொல்லிடுறேன். இல்லேன்னா டையைக் கட்டிக்கோங்க. என்னால தனியா இழுக்க முடியலீங்க."

அவள் சொன்னதில் ஓர் எழுத்துத் தப்பில்லை. ஆனால் டி.வி. பக்கத்தில் நின்று படம் காட்டுகிற ஆளாகத் தன்னை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஒரு மிஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்கிற காது அவருடையது. டி.வி.க்கு அந்தக் காதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. டையை பெல்ட்டுகளோடு ஆணியில் மாட்டினார். அங்கே அதுவும் ஒரு பெல்ட் மாதிரியே தொங்கியது.

இருபத்தைந்தாம் தேதி வரை தளத்தை இன்னும் நாலு தடவை மேம்படுத்தினார். போன் வாயைத் திறக்கவில்லை. இருபத்தாறாம் தேதி, சனிக்கிழமை காலை, முதல்முறையாக எதையும் மேம்படுத்தாமல் நாலு வரி எழுதினார். "இந்தத் தளம் முப்பதாம் தேதியுடன் மூடப்படுகிறது. படித்தவர்கள் யாராவது இருந்தால் நன்றி. பழுது பார்க்கக் கொடுத்த மிஷின்களைக் கீழ்க்கண்ட முகவரியில் பெற்றுக்கொள்ளலாம்." வீட்டு முகவரியை அன்றுதான் தளத்தில் போட்டார். எழுதிவிட்டு மூக்கைச் சிந்தினார். ஜலதோஷம் என்று மனைவியிடம் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மனைவி வீட்டில் இருந்தாள். பதினோரு மணிக்கு, நாற்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு பெண் மூச்சிரைக்க மாடி ஏறி வந்து வாசலில் நின்றாள்.

"தையல் மிஷின் மெக்கானிக் நீங்கதானா?"

"ஆமாம்மா. மிஷின் கீழ இருக்கா? நான் வந்து தூக்கறேன்."

"என்கிட்ட மிஷினே கிடையாது சார். எனக்கு ஒரு பட்டன்கூட தைக்கத் தெரியாது. நான் பல் டாக்டர் கிளினிக்ல டோக்கன் குடுக்குறவ." அவள் கைப்பையைத் தொப்பென்று மேஜையில் வைத்தாள். "நீங்க பாட்டுக்கு மூடுறேன்னு எழுதிட்டீங்க! இனிமே என் நிலைமை என்ன, அதைச் சொல்லுங்க முதல்ல."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். முன்பின் தெரியாத பெண் ஒருத்தி வந்து புருஷனிடம் இப்படிக் கேட்டால் எந்தப் பெண்டாட்டியும் எப்படிப் பார்ப்பாளோ, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

"நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதேம்மா!" என்று அவர் அலறினார்.

"எனக்கு மட்டும் தெரியுமா? உங்க வெப்சைட்ல என் நம்பரைப் போட்டு வச்சிருக்கீங்க. மூணு வருஷமா எனக்குத்தான் போன் வருது."

"அது என் நம்பர்ம்மா!" அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மனப்பாடமாக ஒப்பித்தும் காட்டினார்.

அவள் தன் போனில் தளத்தைத் திறந்து நீட்டினாள். "கண்ணை மூடிட்டு ஒப்பிக்காதீங்க. விரலை வச்சுப் படிங்க."

விரலை வைத்துப் படித்தார். அவருடைய நம்பர் எழுபத்து நான்கில் முடியும். படத்தில் இருந்தது நாற்பத்தேழு. நூற்றைம்பது தடவையாவது அந்தப் படத்தின் நிறத்தை மாற்றியிருப்பார், கனத்தைக் குறைத்திருப்பார், ஓரத்தை வளைத்திருப்பார். ஒரு தடவைகூட அதில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

மனைவிதான் முதலில் பேசினாள்.

"ஊசியைப் பாத்தீங்களா?" என்றாள்.

அவர் அசடு வழிந்தபடி முக்காலியில் உட்கார்ந்தார். வந்தவளுக்கு நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, மனைவியே கதையைக் கேட்டாள்.

போனில் தேடியவர்கள் தளத்துக்குள் வராமலே, தேடலில் தெரிந்த அந்தப் படத்தைப் பார்த்து நம்பரை அடித்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் ராங் நம்பர் என்று கத்திவிட்டுப் போனை வைத்திருக்கிறாள் அவள். தளத்தில் 'தொடர்புக்கு' என்று இருந்த பெட்டியில் மூன்று தடவை எழுதிப் பார்த்திருக்கிறாள். மூன்று தடவையும் "நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்" என்று பதில் வந்ததாம். மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பெட்டி, அவர் பாஸ்வேர்டை மறந்து கைவிட்ட ஒரு பழைய மெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஒரு நாள் ஒரு பொண்ணு போன்ல அழுதுது சார். மறுநாள் காலைல இருபது யூனிஃபார்ம் குடுக்கணுமாம், மிஷின் நின்னு போச்சாம். எனக்கு மனசு கேக்கல. உங்க வெப்சைட்டைத் தொறந்து நீங்க எழுதியிருந்ததை அப்படியே படிச்சுக் காட்டினேன். ஊசியைத் திருப்பி மாட்டுச்சு. மிஷின் ஓட ஆரம்பிச்சுது. அந்தச் சத்தத்தை எனக்கு போன்லயே கேக்க வச்சுது." அவள் முகம் இப்போதும் மலர்ந்தது. "அதுலேருந்து தினம் பதினோரு மணிக்கு டாக்டர் டீ குடிக்கப் போனதும், நீங்க எழுதினதைப் படிச்சுடுவேன். கேக்குறவங்களுக்குப் பதில் சொல்லணுமே. ஒரு தடவை மழைக்காலத்துல ரெண்டு வாரம் தொறக்கவே இல்ல. ஞாபகத்துல இருந்ததை வச்சு ஓட்டினேன்."

"அது... சின்னக் கோளாறும்மா" என்றார் ரோபோவைத் தடுத்த மெக்கானிக்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. தான் எழுதியதை ஓர் ஆள் விடாமல் படித்திருக்கிறாள் என்ற ஒன்றிலேயே அவர் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு, எழுதுகிறவனுக்கே உரிய அல்பத்தனத்தோடு, "எந்தக் கட்டுரை நல்லா இருந்துதும்மா?" என்று கேட்டார்.

"பாபின் பத்தி எழுதினது. ஆனா ரொம்ப இழுக்குறீங்க சார். பாதியைத்தான் படிச்சுக் காட்டுவேன். அப்புறம், அம்புக்குறி பின்னாடியே ஒரு ஊசி ஓடுதே, அதை எடுத்துடுங்க. கண்ணைக் குத்துது."

"பக்கம் வேகமாத் தொறக்குதா? தொண்ணூத்தி நாலு..."

"எங்க கிளினிக் கம்ப்யூட்டர் எதையும் மெதுவாத்தான் தொறக்கும்" என்று சொல்லிவிட்டு, அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். "ஊசியில சரியாகாத கேஸ் இதுல இருக்கு. பேரு, நம்பர், மிஷினுக்கு என்ன கோளாறுன்னு எழுதி வச்சிருக்கேன். மெக்கானிக் வெளியூர் போயிருக்கார், வந்ததும் சொல்றேன்னு சமாளிச்சுட்டு இருக்கேன். மூணு வருஷமா ஒரு மனுஷன் வெளியூர்லயே இருப்பாரா சார்?"

மனைவி நோட்டை வாங்கிப் புரட்டினாள். பக்கம் பக்கமாக மிஷின்கள். கடைசிப் பக்கம் வரை மெதுவாகப் படித்தாள். எழுந்து போய், ஆணியிலிருந்து டையை எடுத்து மடித்துத் தன் ஆபீஸ் பைக்குள் வைத்தாள். "அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள்.

அன்றே சந்தாவைப் புதுப்பித்தார்கள். ஓடுகிற ஊசியை எடுத்தார். நம்பரைத் திருத்தினார். மனைவி பக்கத்தில் நின்று, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து உரக்கப் படித்தபின்தான் அதை ஏற்றவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை, மனைவி ஆபீசுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். மெக்கானிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மூன்று வருடமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு அது.

"வணக்கம்! தையல் மிஷின் பழுது பார்க்கும்..."

"ஹலோ, அந்த அம்மா இல்லீங்களா?" என்றது ஒரு பெண் குரல். "எப்பவும் அவங்கதானே பேசுவாங்க. பொறுமையாச் சொல்லுவாங்களே. நீங்க யாரு?"

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் செருப்பை மாட்டாமல் நின்றாள்.

"நான் அவங்ககிட்ட வேலை பாக்குறவன்மா" என்றார். "சொல்லுங்க. ஊசியைப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் பாத்தாச்சு. ஊசி சரியாத்தான் இருக்கு. ஓட்டினா உள்ளே டக் டக்னு ஒரு சத்தம் வருது."

"எங்க, போனைப் பக்கத்துல வச்சு ஓட்டுங்க." கேட்டார். கண்ணை மூடி இன்னொரு தடவை கேட்டார். "புரிஞ்சுதும்மா, பாபின் கேஸ் தளர்ந்திருக்கு. மிஷினைக் கொண்டு வாங்க. பத்து நிமிஷ வேலை."

"எதுக்கும் அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று அந்தப் பெண் குரல் போனை வைத்துவிட்டது.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பஸ்ஸுக்கு நேரமாகியும் அவள் போகவில்லை. இரண்டு பேரும் மேஜை மேல் இருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து நிமிடத்தில் அது மறுபடி அடித்தது. பேசியது பல் டாக்டர் கிளினிக்.

"சார், ஒருத்தங்க உங்களைப் பத்தி விசாரிச்சாங்க. நம்பிக் குடுக்கலாம்னு சொல்லியிருக்கேன். என் பேரைக் கெடுத்துடாதீங்க."