ஊர்ப் பொதுமக்களுக்கு அறிவிப்பது என்னவென்றால்...

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

சிரிக்காதீர்கள். நிஜமாகத்தான். திருவண்ணாமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச சட்ட உதவி பற்றிக் கூட்டம். ஏழைகளுக்காக வாதாடிய வக்கீல்களுக்குப் பாராட்டு என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். ஏழைகளில் யாரையாவது கூப்பிட்டார்களா, தெரியவில்லை. முன் வரிசையில் தாலுகா ஆபீஸ்காரர்கள், நடு வரிசையில் ரைஸ் மில் முதலாளிகள், பின் வரிசையில் ஃபேன் காற்றுக்காக வந்தவர்கள்.

மைக்கில் பேசியவர் என்னைக் கை காட்டி, "இவரைப் பாராட்ட இன்று ஊரே திரண்டு வந்திருக்கிறது!" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் கும்பிடக் கூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள். "என்னாங்க, சால்வை போத்தியும் மூஞ்சி இப்படி இருக்கு? மட்டமான சால்வையா?"

சால்வை நல்ல சால்வைதான். அந்த 'ஊர்' என்ற வார்த்தைதான்... இரண்டு வருஷமாக அது காதில் விழுந்தாலே எனக்கு இப்படி ஆகிவிடுகிறது. ஏன் என்று, வாராவாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிராமம். பெயர் வேண்டாம். அங்கிருந்து ஏழுமலை என்று ஒருவர் என் ஆபீஸுக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். வேர்க்கடலைக் கொல்லைகளில் கூலி வேலை. கூடவே அவருடைய அப்பா முனுசாமி. பெரியவருக்கு நெஞ்சுச் சளி. நாலு வார்த்தை பேசினால் எட்டு முறை இருமுவார் என்பதால் பேசுவதைக் குறைத்திருந்தார். கிராமத்தில் வெட்டியான் வேலை அவருக்கு. குழி தோண்டுவது, அரசாங்க அறிவிப்பு வந்தால் பறையடித்துத் தண்டோரா போடுவது.

கிராமம் இரண்டாக இருந்தது. வழக்கம்போல. மாரியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு பாதி. கழனிகளைத் தாண்டிக் கிழக்கே, தாழ்த்தப்பட்டவர்கள் குடியிருக்கும் காலனி இன்னொரு பாதி. சுடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம். ஓடைக்கு மேலே பாலம் கட்டி, தார் ரோடும் போட்டிருக்கிறார்கள். ஆனால் ரோடு மாரியம்மன் கோயில் தெரு வழியாகப் போகிறது. காலனிப் பிணம் அந்தத் தெருவில் போகக் கூடாது.

அப்படிச் சட்டம் இருக்கிறதா? இல்லை. போர்டு வைத்திருக்கிறார்களா? அதுவும் இல்லை. கூடாது, அவ்வளவுதான். ஒரு முறை காலனி இளைஞர்கள் நாலு பேர் பாடையோடு அந்த ரோட்டில் ஏறிப் பார்த்தார்கள். யாரும் அடிக்கவில்லை. வையக் கூட இல்லை. அந்த வருஷம் முழுக்கக் காலனியில் ஒருவருக்கும் கழனி வேலை கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் ஏறவில்லை.

கோடையில் பரவாயில்லை, ஓடை வெறும் மணல். மழைக் காலத்தில் மார்பளவு தண்ணீர். அதில் இறங்கித்தான் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

"போன கார்த்திகை மாசம் எங்கம்மா செத்துட்டாங்க சார்," என்றார் ஏழுமலை. "தீபத்துக்கு ரெண்டு நாளு முன்ன. நல்ல மழை. ஓடையில தண்ணி ஜாஸ்தி. நட்டநடுவுல போறப்ப எங்க மச்சானுக்குக் காலு வழுக்கிடுச்சி. பாடை சாஞ்சிடுச்சி. எங்கம்மா தண்ணியோட பூட்டாங்க."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"ரெண்டு பர்லாங்கு தள்ளி, வேலிக்காத்தான் முள்ளுல மாட்டினு இருந்தாங்க சார். நான்தான் எடுத்தேன்."

முனுசாமி சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பாவையாவது ரோட்டு மேல தூக்கினு போவணும் சார். அதுக்கு நீங்கதான் எதுனா பண்ணணும். அடுத்த மழையத் தாங்க மாட்டாரு இவரு."

பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அப்பாவை வைத்துக்கொண்டு இதைச் சொன்னார். அப்பாவும் ஆமாம் என்று தலையாட்டினார், யாரோ பஸ் நேரம் சொன்ன மாதிரி.

அப்போதுதான் கோர்ட்டுகளில் ஒரு புதுக் காற்று வீச ஆரம்பித்திருந்தது. பொதுநல வழக்கு! ஏழைகளுக்காக யார் வேண்டுமானாலும் வரலாம், ஒரு கடிதம் போட்டாலே போதும், கோர்ட் அதையே மனுவாக எடுத்துக்கொள்ளும் என்று வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள். எங்களைப் போன்ற சின்ன ஊர் வக்கீல்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கறுப்புக் கோட்டு போட்டதற்கு இப்போதுதான் அர்த்தம் வந்தது என்று நான் வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் மனைவி, அர்த்தம் வந்தது சரி, கோட்டுக்குப் பட்டன் வரவில்லையே என்றாள்.

காலனிவாசிகள் சார்பாக ஹைகோர்ட்டுக்கு ஒரு கடிதம் தயார் செய்தேன். மூன்று பக்கம். முதலில் தமிழில் எழுதி, ஏழுமலைக்கும் மற்றவர்களுக்கும் படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கி, பிறகு இங்கிலீஷில் நானே பெயர்த்து இரண்டையும் சேர்த்து அனுப்பினேன். அந்த அம்மா தண்ணீரோடு போனதை மட்டும் மூன்று தடவை அடித்துத் திருத்தி எழுதினேன். நல்ல மனு என்று எனக்கே பட்டது. என் எழுத்தில் எனக்குக் கர்வம் ஜாஸ்தி. உங்களுக்குத்தான் தெரியுமே!

கோர்ட் மனுவை எடுத்துக்கொண்டது. ரெவின்யூ அதிகாரி நேரில் போய் விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது. என் மனுவின் கடைசிப் பாராவில் எப்படி விசாரிக்க வேண்டும் என்று கேட்டிருந்தேனோ, வார்த்தை பிசகாமல் அப்படியே செய்யச் சொல்லி, என் தமிழ் மனுவையும் உத்தரவோடு இணைத்திருந்தார்கள். பார் ரூமில் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து, விசாரணைத் தேதி கூட எனக்குத் தெரிவிக்காமல், அறிக்கையின் நகல்தான் கைக்கு வந்தது.

"ஊர்ப் பொதுமக்களுக்குத் தண்டோரா மூலம் முறைப்படி அறிவிக்கப்பட்டு, மாரியம்மன் கோயில் முன்பு விசாரணை நடத்தப்பட்டது. ஊர்ப் பொதுமக்கள் திரளாக ஆஜராகி, பாதை விஷயத்தில் தங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என ஒருமனதாகத் தெரிவித்தனர். மனுதாரர்கள் தரப்பில் எவரும் ஆஜராகவில்லை."

அதோடு வழக்கு முடிந்தது. குறையே இல்லாத இடத்தில் கோர்ட் எதைத் தீர்த்து வைக்கும்?

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதிகாரி மேல் இல்லை, ஏழுமலை மேல்! இத்தனை பாடுபட்டு விசாரணை வரைக்கும் கொண்டு வந்தால், பாவிகள், ஒருத்தர் கூடப் போகவில்லையே? ஆள் அனுப்பி வரவழைத்துக் கத்தினேன்.

அவர் திருதிருவென்று விழித்தார். "எப்ப சார் வந்தாங்க? யாரும் வரலியே..."

"தண்டோரா போட்டிருக்காங்கய்யா! புதன்கிழமை காலையில பத்து மணிக்கு!"

ஏழுமலை மெதுவாகச் சொன்னார். "தண்டோரா... எங்கப்பாதான் சார் போடுவாரு."

இருவரும் அடுத்த பஸ்ஸில் கிராமத்துக்குப் போனோம். காலனியில், வீட்டு வாசலில் சாக்கைப் போட்டுப் படுத்திருந்தார் முனுசாமி. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"பெரியவரே, ஆபீசர் வராருன்னு தண்டோரா போட்டீங்களா?"

"போட்டேங்க. கிராம அதிகாரி சொன்னாரு. புதன்கிழமை ஆபீசர் வராரு, ஊர்ப் பொதுமக்கள் எல்லாம் மாரியம்மன் கோயிலாண்ட வந்து கூடணும்னு போடச் சொன்னாரு. நாலு தெருவும் போட்டேன்."

"எதுக்கு வராருன்னு சொல்லலையா?"

"அதெல்லாம் நாம கேக்கறதில்லீங்களே. வரி கிரியா இருக்கும்னு நெனச்சேன்."

"சரி... உங்க காலனியில ஏன் போடல?"

அவர் இருமினார். நான் ஏதோ விவரம் தெரியாமல் கேட்கிறேன் என்பது போல, பொறுமையாக, மரியாதையாகச் சொன்னார்.

"ஊர்ப் பொதுமக்கள்னுதாங்க சொன்னாங்க. காலனி எப்பங்க ஊரு ஆச்சு?"

நாற்பது வருஷமாக அந்த மனுஷர் தண்டோரா போடுகிறார். 'ஊர்' என்றால் கோயிலைச் சுற்றி நாலு தெரு. அங்கே யாரும் அவருக்கு வேறு அர்த்தம் சொன்னதில்லை. கோயில் முன்னால் கூட்டம் என்றால் அது தன் ஜனங்களுக்கான கூட்டமாக இருக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே தனக்காக வந்த விசாரணையை, தன் கையாலேயே பறையடித்து, மற்றவர்களுக்கு மட்டும் அறிவித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

கிராம அதிகாரி வேண்டுமென்றே செய்தாரா? எனக்குத் தெரியாது. செய்ய வேண்டிய அவசியமே இல்லையே! அந்த வார்த்தையே எல்லா வேலையையும் செய்துவிட்டது.

ஏழுமலை விஷயத்தை எடுத்துச் சொன்னதும் பெரியவரின் முகம் சுருங்கிப்போனது. "அப்ப நான்தான் கெடுத்துட்டனாங்க?" என்றார்.

"இல்லீங்க, உங்க மேல தப்பே இல்ல," என்றேன். அது உண்மைதான். ஆனால் தப்பு யார் மேல் என்பது எனக்கு அன்று சாயங்காலம் தெரிந்தது.

ஆபீஸுக்குத் திரும்பி, என் மனுவின் கார்பன் காப்பியை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பாரா. என் அழகான தமிழ். 'ஊர்ப் பொதுமக்கள் அனைவருக்கும் தண்டோரா மூலம் முறைப்படி அறிவித்து, அனைவர் முன்னிலையிலும் விசாரணை நடத்த வேண்டுமாய்...'

எழுதியது நான்தான். அவர்கள் அதை வார்த்தை பிசகாமல் நிறைவேற்றியிருந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். தாழ்த்தப்பட்டவர்களுக்காக மனு எழுதுகிறேன், அதில் அவர்களே இல்லாத ஒரு வார்த்தையைப் போடுகிறேன், படித்துக் காட்டுகிறேன், அவர்களும் கைநாட்டு வைக்கிறார்கள். ஏன் யாரும் ஒன்றும் சொல்லவில்லை? ஊரைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்துப் பேசப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு ஏன் உறைக்கவில்லை? ஏனென்றால் நான் பிறந்தது ஊரில். எங்கள் கிராமத்தில், கோயிலிலிருந்து மூன்றாவது வீடு. 'ஊர்' என்றால் எல்லோரும் என்று நினைத்துக்கொள்கிற வசதி அங்கே பிறந்தவனுக்குத்தான் உண்டு.

சட்டப் புத்தகத்தில் திருத்தம் செய்யலாம். பாஷையில் எங்கே போய்த் திருத்தம் செய்வது? சொல்லுங்கள். நான் தேடிக் களைத்துவிட்டேன்.

அந்தப் பெரியவரிடம் கார்பன் காப்பி விஷயத்தை நான் சொல்லவில்லை. ஏழுமலையிடமும் சொல்லவில்லை. மறுபடி மனு போட்டேன். இந்தத் தடவை 'காலனிவாசிகள்' என்று நாலு இடத்தில் எழுதினேன். மெட்ராஸுக்கு நடையாய் நடந்தேன். வாய்தா. மறுபடி வாய்தா. எதிர்த் தரப்பு ஏற்கெனவே விசாரணை நடந்த அறிக்கையைக் காட்டியது. எங்கப்பாவையாவது ரோட்டு மேல என்று ஏழுமலை கேட்டாரே... அதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. மழைக்கு வாய்தா கேட்டால் யார் கொடுக்கப் போகிறார்கள்?

முனுசாமி செத்துப்போன செய்தி பஸ் கண்டக்டர் மூலமாக வந்தது. போனேன். நாலு நாளாக விடாத மழை அன்று சற்றே விட்டிருந்தது. ஓடை செந்நிறமாக ஓடியது. ஏழுமலை என்னிடம் கேஸ் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதைச் சொல்லவும் கூசுகிறது.

பாடையைத் தூக்கினார்கள். பறை ஒலித்தது. முனுசாமியின் பறையை வேறு யாரோ அடித்தார்கள். காலனி மொத்தமும் ஓடைக்கரைக்கு நடந்தது. நானும் பின்னாலேயே போனேன். ஆண்கள் ஒவ்வொருவராக வேட்டியை இறுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். நானும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

முன்னால் பாடையைப் பிடித்திருந்த ஏழுமலை திரும்பிப் பார்த்தார். இடுப்பு வரைக்கும் தண்ணீர். அந்த நிலையிலும் பதறிப்போய்க் கத்தினார்.

"ஐயோ, நீங்க எறங்காதீங்க சார்! ஆழம் ஜாஸ்தி. நீங்க ரோட்டு மேல வாங்க!"

செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டேன். மாரியம்மன் கோயில் தெரு வழியாக நடந்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஒருவர் குடை வேண்டுமா என்று கூடக் கேட்டார். பாலத்தின் மேலே நின்று பார்த்தபோது கீழே எட்டுக் கைகள் பாடையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தன.

சுடுகாட்டுக்கு அவர்களுக்கு முன்னாலேயே நான் போய்ச் சேர்ந்துவிட்டேன்.